தலையில் அடிபட்டவர் கிளினிக்குக்கு வந்தால்: வன்னியில் புதிதாக வேலை தொடங்குவோருக்கு

ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தவர், பனையிலிருந்து தவறியவர், பாடசாலை மைதானத்தில் கிரிக்கெட் பந்து பட்ட பொடியன், மாடு முட்டியவர், வீட்டில் அடி வாங்கியவர் என்று பல பேர் மூளையதிர்வோடு (அடிபட்டு மூளை குலுங்கியதால் வரும் பாதிப்போடு) வெளிநோயாளர் புனர்வாழ்வுக் கிளினிக்குக்கு வருவார்கள். அனேகம் பேர் கையில் ஒரு சி.டி. அறிக்கை இருக்கும், அதில் எல்லாம் சரி என்று எழுதியிருக்கும். ஆனால் ஆளுக்குத் தலையிடி நிற்கவில்லை, வெளிச்சம் ஒத்துவரவில்லை, பஸ்ஸில் ஏறினால் ஓங்காளம், படிக்க உட்கார்ந்தால் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வீட்டில் "எல்லாம் நோர்மல் எண்டு டொக்டர் சொல்லிட்டார், இவன் பாசாங்கு பண்ணுறான்" என்ற கதை தொடங்கியிருக்கும்.

சி.டி. காட்டுவது இரத்தக் கசிவையும் எலும்பு வெடிப்பையும்தான். மூளையதிர்வு பெரும்பாலும் அதில் தெரியாது. நினைவு தப்பியிருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, மூளையதிர்வு வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. ஆகவே "ஸ்கேன் நல்லம், ஓய்வெடுங்கோ" என்று சொல்லி அனுப்பினால் அது சிகிச்சையாகாது. இந்த ஆளின் அறிகுறி கழுத்திலிருந்து வருகிறதா, உட்காதிலிருந்தா, கண்ணிலிருந்தா, நாடித்துடிப்பைச் சீராக்கும் நரம்புகளிலிருந்தா, தூக்கமின்மையிலிருந்தா, மனச்சுமையிலிருந்தா என்று தேடிப் பிடித்து, பிடித்த இடத்தில் கை வைப்பதுதான் எங்கள் வேலை.

புத்தகத்தில் இதற்கு ஒரு பெரிய குழுவே இருக்கும்: வைத்தியர், இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர், உளவியலாளர், சமூக சேவை உத்தியோகத்தர். இங்கே பல நாள் நீங்களும், ஒரு வைத்திய அதிகாரியும், ஒரு தாதியும்தான் இருப்பீர்கள். மற்றவர்களைப் பார்க்க ஆள் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏறவேண்டும். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து வருபவருக்கு அது ஒரு நாள் கூலி. அதனால் முதல் வருகையிலேயே எவ்வளவு பார்க்கலாமோ அவ்வளவையும் பார்த்துவிடுங்கள். கீழே சொல்வது அந்த முதல் ஒரு மணித்தியாலத்தையும் அதற்குப் பிறகு வரும் வாரங்களையும் பற்றியது.

முதலில் ஆபத்தை விலக்குங்கள்

வேறு ஆஸ்பத்திரியில் பார்த்து அனுப்பியிருந்தாலும் இதை நீங்களும் ஒருமுறை பாருங்கள். தலையிடி நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகிறதா? திரும்பத் திரும்பச் சத்தி எடுக்கிறாரா? வலிப்பு வந்ததா? ஒரு கை அல்லது கால் பலங்குறைந்ததா, பேச்சுக் குழறுகிறதா, கண்மணி இரண்டும் ஒரே அளவில் இல்லையா? காதாலோ மூக்காலோ தண்ணீர் மாதிரி வடிகிறதா? ஆள் வரவரத் தூங்கி விழுகிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் கிளினிக் வேலையை நிறுத்தி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். வீட்டிலிருந்து போன் வந்தால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இரண்டு வகை ஆட்களிடம் இன்னும் கவனம் வேண்டும். ஒன்று, 65 வயதைத் தாண்டியவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும். மற்றது, கசிப்போ சாராயமோ தினம் குடிப்பவர்கள். இவர்களுக்கு மண்டையோட்டுக்குள் மெல்ல மெல்லக் கசிந்து, அடிபட்டு மூன்று நாலு கிழமைக்குப் பிறகு தள்ளாட்டமும் குழப்பமும் வரலாம். முதல் நாள் எடுத்த சி.டி.யை வைத்துக்கொண்டு சமாதானப்படக்கூடாது. "அப்பா குடிச்சிட்டுத்தான் தள்ளாடுறார்" என்று மகள் சொன்னாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கழுத்து நடு எலும்பில் நோவு, கையில் விறைப்பு, கழுத்தை இரண்டு பக்கமும் 45 பாகை திருப்ப முடியாமை இருந்தால், எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் பார்த்து வைத்தியர் சரி சொல்லும்வரை கழுத்தில் எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

இந்த மண்ணுக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது: "உடம்பிலை எங்கையாவது ஷெல் துண்டு, சன்னம் இருக்கா?" யாராவது எம்.ஆர்.ஐ. எழுத நினைத்தால் அதற்கு முன்னர் இதைக் கேட்டேயாகவேண்டும். 2009க்கு முன் பட்ட துண்டை மறந்தே போனவர்கள் இருக்கிறார்கள். தலையிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ உலோகம் இருந்தால் அந்தக் காந்தத்துக்குள் போகவிடக்கூடாது. தெரியாவிட்டால் முதலில் எக்ஸ்ரே.

கதை கேட்கும்போது

என்ன நடந்தது, அதற்கு முன் கடைசியாக என்ன ஞாபகம், அதற்குப் பின் முதலில் என்ன ஞாபகம் என்று கேளுங்கள். பிறகு கண்டவரிடம் கேளுங்கள். முன்பு எத்தனை தரம் தலையில் அடிபட்டது, குண்டு வெடிப்புக்குக் கிட்ட நின்றதுண்டா என்பதையும் ஒருமுறை, மெதுவாக. சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், தோண்டத் தேவையில்லை. ஒற்றைத் தலையிடி, மனச்சோர்வு, படிப்பில் சிரமம் முன்பே இருந்ததா என்பது முக்கியம். இருந்தவர்களுக்குச் சுகமாக நாள் எடுக்கும்.

அறிகுறிகளை வாயால் கேட்டு மட்டும் விடாமல் ஒரு பட்டியலில் புள்ளி போடுங்கள். ரிவர்மீட் வினாத்தாள் 16 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. அடிபட்டு 3 நாள் முதல் 30 நாள் வரைக்கும் கிளினிக்கில் பாவிக்கவென்று 2022 ஆம்ஸ்டர்டாம் மூளையதிர்வு மாநாட்டுக்குப் பிறகு வந்த ஸ்கோட் 6 (SCOAT6) என்ற மதிப்பீட்டுப் படிவமும் இருக்கிறது. 13 வயதும் அதற்கு மேலும் என்றால் அது, 8 முதல் 12 வரை சிறுவர் படிவம். எதைப் பாவித்தாலும் ஒவ்வொரு தரமும் அதையே பாவியுங்கள்.

"தலை சுத்துது" என்று சொன்னால் அதை அப்படியே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகவேண்டாம். படுக்கையில் புரண்டால் அறையே ஒரு நிமிடத்துக்குள் சுழன்று நிற்கிறதா? எழும்பி நின்றால் கண் இருட்டுகிறதா? சந்தைக்குள் ஆட்கள் நடமாடுவதைப் பார்த்தால் கிறுதி வருகிறதா? கழுத்தைத் திருப்பினால் மிதப்பது மாதிரி இருக்கிறதா? நாலுக்கும் நாலு காரணம், நாலு சிகிச்சை. இந்த இடத்தில் செலவழிக்கும் ஐந்து நிமிடம் பின்னால் இரண்டு வருகையை மிச்சம் பிடித்துத் தரும்.

பெண் நோயாளி என்றால் கொஞ்ச நேரம் தனியே பேசுங்கள். கூட வந்தவரைத் துண்டு எடுக்க அனுப்பலாம், கிளினிக் கொப்பியைப் பதிய அனுப்பலாம். "படியிலை விழுந்திட்டன்" என்ற கதைக்கும் காயம் இருக்கும் இடத்துக்கும் பொருந்தாவிட்டால், "வீட்டிலை யாராவது கை வைச்சதா? கழுத்தை நெரிச்சதா?" என்று நேரே கேட்கலாம். கழுத்து நெரிபட்டிருந்தால் அன்றே வைத்தியர் பார்க்கவேண்டும். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், ஆனால் அதைக் கொப்பியில் எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். கொப்பியை வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

கையால் பார்ப்பது

முதலில் படுக்கவைத்து 2 நிமிடம் கழித்து நாடியும் பிரஷரும், பிறகு எழுப்பி நிறுத்தி 1 நிமிடத்தில் மறுபடி. மேல் அளவு 20 புள்ளி இறங்கினாலோ நாடி 30க்கு மேல் எகிறினாலோ எழுதிக்கொள்ளுங்கள். வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் பஸ்ஸில் வந்தவருக்கும் இது நடக்கும். ஒரு கப் தண்ணீர் கொடுத்து அரை மணித்தியாலம் இருத்தி, திரும்பப் பாருங்கள்.

சமநிலைக்கு வெறுங்காலில், கைகளை இடுப்பில் வைத்து, கண்ணை மூடி மூன்று நிலை: இரண்டு காலும் சேர்த்து, ஒற்றைக் காலில், ஒரு பாதத்தின் பின்னால் மறு பாதம் ஒட்டி. ஒவ்வொன்றும் 20 செக்கன், தவறுகளை எண்ணவேண்டும். சாறம் கட்டியிருப்பவரிடம் முழங்காலுக்கு மடித்துக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதம் அசைந்ததே உங்களுக்குத் தெரியாது.

கண்ணுக்கும் உட்காதுக்கும் வோம்ஸ் என்ற சோதனை. உபகரணம் என்று ஒன்றும் தேவையில்லை. ஒரு பேனா மூடியில் சின்ன எழுத்து ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், மூளை மப்பு நாலுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி கேளுங்கள். பிறகு வரிசையாக: பேனாவைக் கண்ணால் மட்டும் தொடர்தல், இரண்டு விரல்களுக்கிடையே கண்ணைத் தாவவிடுதல், பக்கவாட்டிலும் மேல்கீழாகவும், பேனாவை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து எப்போது இரண்டாகத் தெரிகிறது என்று கேட்டல், எழுத்தைப் பார்த்தபடி தலையை ஆட்டுதல், கடைசியாக, நீட்டிய பெருவிரலைப் பார்த்தபடி உடம்போடு திரும்புதல். தலை ஆட்டும் வேகத்துக்கு போனில் ஒரு மெட்ரோனோம் செயலியை 180இல் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அந்த நாலு புள்ளியையும் மறுபடி கேட்கவேண்டும். கூட்டுத்தொகை 2 ஏறினால் அந்த இடத்தில் கோளாறு. மூக்கிலிருந்து 5 சென்ரிமீற்றருக்கு அப்பாலேயே இரண்டாகத் தெரிந்தால் கண் குவிவதில் குறை. பொடியன்கள் வீரத்துக்கு "ஒண்டும் இல்லை" என்பார்கள். வாயைவிட முகத்தைப் பாருங்கள், கண் சிமிட்டல் கூடும், முகம் வெளிறும்.

படுக்கையில் புரண்டால் சுழல்கிறது என்றவருக்கு, கழுத்து சரி என்று உறுதியான பின் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை, அதாவது தலையை ஒரு பக்கம் திருப்பியபடி சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்பது. கண்மணி துள்ளினால் அங்கேயே எப்லி முறையில், உட்காதில் இடம்மாறிய துகள் திரும்பப் போகும்படி, தலையைப் படிப்படியாகத் திருப்பிவிடலாம். கிளினிக்கில் இவ்வளவு சீக்கிரம் நன்றி கிடைக்கும் வேலை வேறொன்றும் இல்லை. ஒன்றிரண்டு தரத்திலேயே பல பேருக்கு நின்றுவிடும்.

அப்புறம் கழுத்து. தலை அடிபடும்போது கழுத்து அடிபடாமல் தப்புவது அரிது. பின்மண்டையில் தொடங்கி நெற்றிக்கு வரும் தலையிடி, விரலால் மேல் கழுத்தை அழுத்தினால் அதே தலையிடி கிளம்புவது, கழுத்தை முன்னே முழுதாக மடித்துத் திருப்பும்போது ஒரு பக்கம் தெளிவாகக் குறைவது எல்லாம் கழுத்தைக் காட்டிக்கொடுக்கும். சின்ன லேசர் லைற் ஒன்றை நெற்றிப் பட்டியில் செருகி, சுவரிலிருந்து 90 சென்ரிமீற்றர் தூரத்தில் இருத்தி, கண்ணை மூடித் தலையைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். புள்ளி 7 சென்ரிமீற்றருக்கு மேல் தவறினால் கழுத்தின் நிலையுணர்வு கெட்டிருக்கிறது.

நினைவும் மனமும்

பத்துச் சொல் சொல்லித் திருப்பிச் சொல்லவைப்பது, இலக்கங்களைப் பின்னாலிருந்து சொல்லவைப்பது, மாதங்களைத் தலைகீழாகச் சொல்லவைப்பது. மாதத்துக்கு "டிசம்பரிலிருந்து" என்று கேட்டால் தடுமாறும் வயதான விவசாயி, "மார்கழியிலிருந்து" என்றால் கடகடவென்று சொல்லிவிடுவார். ஆங்கிலப் படிவத்தின் வெட்டுப்புள்ளிகளை உங்கள் தமிழ்ச் சொற்பட்டியலுக்குப் போட்டுப் பார்க்கவேண்டாம். அதே ஆளை அதே பட்டியலால் மூன்று கிழமை கழித்துப் பார்த்து ஒப்பிடுங்கள், போதும்.

நித்திரை எப்படி, பயம் எப்படி, எரிச்சல் எப்படி என்பதற்கும் நேரம் வையுங்கள். யுத்தத்தைக் கண்டவருக்கு ஒரு விபத்துச் சத்தம் பழையதைக் கிளப்பிவிடலாம். நித்திரையின்மை, திடுக்கிடல், கவனமின்மை இரண்டுக்கும் பொது என்பதால், இது மூளையதிர்வா மனக்காயமா என்று அடித்துப் பிரிக்க மினக்கெடவேண்டாம். இரண்டையும் சேர்த்தே பாருங்கள். "செத்துப்போனால் நல்லம் எண்டு நினைப்பு வருதா?" என்று தெளிவாகக் கேளுங்கள். ஆம் என்றால் அன்றே மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள், தனியே விடவேண்டாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

சிகிச்சையைத் தொடங்குதல்

முதல் 24 முதல் 48 மணித்தியாலத்துக்கு மட்டும் ஓய்வு. அதுவும் வீட்டுக்குள் நடமாடியபடி, போனையும் ரிவியையும் குறைத்து. இருட்டறையில் இரண்டு கிழமை படுக்கவைக்கும் பழைய வழக்கத்தை வீட்டார் இன்னும் விடவில்லை. அப்படிப் படுக்கவைத்தால் ஆள் இன்னும் பலவீனமாகி, பயமும் கூடும். நித்திரை கொள்ளவிடாமல் இரவெல்லாம் எழுப்புவதும் தேவையில்லை. முதல் நாள் ஒரு வளர்ந்த ஆள் பக்கத்தில் இருந்து, தட்டினால் எழும்புகிறாரா என்று பார்த்தால் சரி.

அதற்குப் பிறகு மருந்தே நடைதான். 2019இல் வெளிவந்த ஒரு ஆய்வில், அடிபட்ட வளரிளம் விளையாட்டு வீரர்களில் ஒரு பகுதியினருக்கு அளவான உடற்பயிற்சியும் மற்றவர்களுக்கு வெறும் நீட்டல் பயிற்சியும் கொடுத்தார்கள். பயிற்சி செய்தவர்கள் நடுவளவில் 13 நாளிலும், மற்றவர்கள் 17 நாளிலும் சுகமானார்கள். அளவைக் கண்டுபிடிக்க பஃபலோ ட்ரெட்மில் சோதனை, அதாவது அறிகுறி ஏறும்வரை நடையைப் படிப்படியாகக் கடினமாக்கிப் பார்ப்பது. ட்ரெட்மில் இல்லாவிட்டால் நிலைச் சைக்கிள், அதுவும் இல்லாவிட்டால் விறாந்தையில் படிப்படியாக வேகத்தைக் கூட்டிய நடையைக் கொண்டு ஓரளவு மதிப்பிடலாம். இருதய வருத்தக்காரருக்கு வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடங்கவேண்டாம். ஒவ்வொரு நிமிடமும் நாடியும் 0 முதல் 10 வரையான அறிகுறிப் புள்ளியும் எழுதி, அறிகுறி ஆரம்பத்தைவிட 3 புள்ளி ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது நாடி 140 என்றால், அதில் 80 முதல் 90 வீதம், அதாவது 112 முதல் 126 வரை, தினம் 20 நிமிடம். வீட்டில் அவர் எண்ணவேண்டியது 15 செக்கனில் 28 முதல் 31 துடிப்பு. கழுத்தில் விரலை வைத்து எண்ணப் பழக்கிவிட்டே அனுப்புங்கள். இடம், குளக்கட்டு. நேரம், வெயில் ஏறமுன்.

நடக்கும்போது அறிகுறி 2 புள்ளிவரை ஏறி ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கினால் பயமில்லை, தொடரலாம். அதைத் தாண்டினால் நாளைக்கு வேகத்தைக் குறைக்கவேண்டும். இந்த ஒரு விதியை நோயாளிக்கும் தாய்க்கும் விளங்கவைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பார்வையை நிலைப்படுத்த, தினம் கிழிக்கும் நாட்காட்டி நல்ல சாமான். பெரிய திகதி இலக்கத்தைப் பார்த்தபடி தலையைப் பக்கவாட்டில் ஒரு நிமிடம், மேல்கீழாக ஒரு நிமிடம், நாளைக்கு மூன்று தரம். இலக்கம் மங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். கண் குவியலுக்கு ஒரு நூலில் மூன்று தெறி கோர்த்து, ஒரு முனையை ஜன்னலிலும் மறு முனையை மூக்கிலும் பிடித்து, தூரத் தெறியிலிருந்து கிட்டத் தெறிக்குக் கண்ணை மாற்றப் பழக்கலாம். கழுத்துக்குக் கையால் மூட்டை அசைத்துவிடும் சிகிச்சையும், ஆழமான கழுத்துத் தசைகளுக்குப் பயிற்சியும். நீடித்த தலைச்சுற்றுக்கும் கழுத்து நோவுக்கும், கழுத்தையும் உட்காதையும் சேர்த்துச் சிகிச்சை செய்தபோது 8 கிழமையில் 73 வீதமானோர் விளையாட்டுக்குத் திரும்ப மருத்துவ அனுமதி பெற்றார்கள், வழமையான பராமரிப்பில் 7 வீதம்தான், என்று 2014 ஆய்வொன்று காட்டியது. சின்ன ஆய்வுதான். ஆனால் எங்கள் கையில் உள்ளதைக் கொண்டே செய்யக்கூடிய சிகிச்சை என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

பனடோல் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கடைக்குக் கடை கிடைப்பதால் காலை இரண்டு, இரவு இரண்டு என்று மாதக் கணக்கில் போடுபவர்கள் உண்டு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதம் தாண்டினால், அந்தக் குளிசையே தலையிடியைத் தரும். வைத்தியரோடு பேசி நிறுத்தவேண்டும். மருந்தடிக்கும் காலமென்றால், தலையிடியும் ஓங்காளமும் பூச்சிநாசினியாலா என்பதையும் யோசியுங்கள்.

பள்ளிக்கூடம், வேலை, விளையாட்டு

பிள்ளைக்குப் படிப்பு முதலில், விளையாட்டு பிறகு. வீட்டில் 15, 20 நிமிடம் வாசிப்பில் தொடங்கி, அரை நாள் பாடசாலை, முழு நாள், கடைசியில் பரீட்சை. பாடசாலைக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: முன்வரிசையில் யன்னல் வெளிச்சம் படாத இடம், இடைக்கிடை ஓய்வு, பரீட்சைக்குக் கூடுதல் நேரம். தாய்மார் பாடசாலையைக் குறைக்கச் சம்மதிப்பார்கள், ரியூசனைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். "உயர்தரம் வருகுது, பிள்ளையின்ரை ரியூசனை எப்பிடி நிப்பாட்டுறது?" என்று கேட்பார்கள். ரியூசனைத்தான் முதலில் நிறுத்தவேண்டும் என்பது என் அபிப்பிராயம். நாள் முழுக்கப் பாடசாலையில் இருந்து களைத்த மூளைக்கு, தகரக் கொட்டிலுக்குள் மாலை வெக்கையில் இன்னும் இரண்டு மணித்தியாலம் என்பது அதிகம்.

விளையாட்டுக்கு ஆறு படி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணித்தியாலம்: அன்றாட நடமாட்டம், இலேசான ஓட்டம், விளையாட்டுக்கேற்ற தனிப்பயிற்சி, மோதலில்லாத கூட்டுப்பயிற்சி, முழுப்பயிற்சி, ஆட்டம். நாலாம் படிக்குப் போகமுன் அறிகுறி ஓய்விலும் ஓட்டத்திலும் முற்றாக நின்று, வைத்தியர் சம்மதிக்கவேண்டும். அடிபட்ட அன்றே திரும்ப இறங்குவதற்கு எந்தச் சூழ்நிலையிலும் இடமில்லை, இறுதியாட்டம் என்றாலும்.

பெரியவர்களுக்கு இதைவிடச் சிக்கல். சீவல் தொழிலாளி ஏறாவிட்டால் காசில்லை. முல்லைத்தீவில் கடலுக்குப் போகிறவர் தனியே வள்ளத்தில் நிற்பவர். தலைச்சுற்று இருக்கும்வரை மரம், கிணறு, கூரை, கடல், மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்வது சுலபம். அதோடு நிறுத்தாமல் செய்யக்கூடிய வேலையையும் சொல்லுங்கள்: வலை தைப்பது, நாற்றுமேடை பார்ப்பது, கடையில் இருப்பது. சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவிக்கு எழுதிக் கொடுங்கள். திரும்ப அனுமதிக்கமுன் அந்த வேலையையே கிளினிக்கில் போலச் செய்வித்துப் பாருங்கள். அண்ணாந்து பார்த்தபடி படியேறட்டும், குனிந்து பாரம் தூக்கித் திரும்பட்டும்.

ஒற்றைத் தாள்

ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னால் நோயாளி எதையும் செய்யமாட்டார். வைத்தியர் ஓய்வென்பார், நீங்கள் நட என்பீர்கள், ரீச்சர் பரீட்சைக்கு வா என்பார். அதனால் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி அனைவரும் அதிலேயே எழுதுங்கள்: அடிபட்ட திகதி, இன்றைய புள்ளி, எந்த இடத்துக் கோளாறு என்று நினைக்கிறோம், வீட்டில் செய்யும் இரண்டு பயிற்சி, செய்யக்கூடாத வேலை, அடுத்த திகதி, கூப்பிட ஒரு போன் இலக்கம். பயிற்சி இரண்டுக்கு மேல் வேண்டாம், ஐந்து கொடுத்தால் ஒன்றுகூட நடக்காது.

பெரியவர்களில் அனேகர் இரண்டு கிழமையிலும் பிள்ளைகள் நாலு கிழமையிலும் தேறிவிடுவார்கள். இதை முதல் நாளே சொல்லுங்கள். முதல் வருகைக்கு ஒரு கிழமையில் போனிலாவது புள்ளியைக் கேட்டு எழுதி, இரண்டாம் கிழமையில் நேரில் பாருங்கள். நாலு கிழமை தாண்டியும் புள்ளி இறங்காவிட்டால், அல்லது வோம்ஸில் ஏறிய புள்ளி அப்படியே நின்றால், பெரிய குழு உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும் கடிதத்தில் "தலையிடி, தலைச்சுற்று" என்று மட்டும் எழுதாமல் நீங்கள் கண்ட அளவுகளை எழுதி, கண், காது மூக்குத் தொண்டை, மனநலம் மூன்று கிளினிக்கும் ஒரே நாளில் கிடைக்குமா என்று முன்கூட்டியே போன் எடுத்துக் கேளுங்கள். அங்குள்ள கிளினிக் தாதியிடம் கேட்டால் எந்தக் கிழமையில் எது நடக்கிறது என்று சொல்லிவிடுவார்.